அக்காவைப் பற்றி மெஷின் வாசித்தது

உங்கள் அக்கா ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனாள் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். எப்படி விழுந்தாள் என்பதில்தான் இந்த வீட்டில் இப்போது இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று நான் சொல்வது. இன்னொன்று உங்கள் போன் சொல்வது. போன் சொல்லும் கதை எங்கே தயாராகிறது என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில்தான் உங்கள் அப்பா நான் வேலை பார்க்கிறேன். அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யாராவது கேட்டால் நீங்கள் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிடுகிறீர்கள். சின்னவள் ஒருமுறை டீச்சரிடம் "இன்ஜினியர்" என்றே சொல்லிவிட்டு வந்தாள். அப்படியெல்லாம் இல்லை. செம்பூரில் ஒரு கோச்சிங் கிளாஸுக்கு மேல்மாடியில் நீளமான ஒரு கூடம். ஒரு மேஜை மராத்திக்கு, ஒரு மேஜை குஜராத்திக்கு, ஜன்னலோரம் இருப்பது தமிழுக்கு. இன்டர்நெட்டில் தமிழில் யார் யாரோ எழுதிப் போட்டிருக்கும் பக்கங்களை ஒரு மெஷின் ஓயாமல் வாசிக்கிறது. அப்படி வாசித்தே உலகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதற்கு வைத்திருக்கும் பாடம். இன்ன ஊர் இன்ன ஜில்லாவில் இருக்கிறது, இன்னார் இன்ன வேலை பார்த்தார், இன்ன மீனுக்கு முள் அதிகம் என்று ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறது. என் திரையில் மேலே பக்கத்தில் இருந்த வாக்கியம் வரும். கீழே மெஷின் அதிலிருந்து புரிந்துகொண்டது வரும். பக்கம் இப்படித்தான் சொல்கிறதா? ஆமாம் என்று ஒரு பட்டன், இல்லை என்று ஒரு பட்டன். நாள் பூராவும் அதுதான்.

இந்த வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே உங்கள் அக்காதான். நான் இருந்த தோல்பை தைக்கும் பட்டறையை முதலாளி மூடிவிட்டு பிவண்டிப் பக்கம் போனபோது நான் கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்தேன். ஒரு சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்.

"ப்பா, நீங்க வடை மடிச்ச பேப்பரக்கூட விடாம வாசிப்பீங்கல்லா? அதுக்குச் சம்பளம் குடுக்காங்களாம்."

"எந்தக் கிறுக்கன் குடுக்கான்?"

"செம்பூர்ல. தமிழ் வேகமா வாசிக்கணுமாம். பாம்பேல தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் தாத்தாவாயிட்டாங்க. உங்கள மாதிரி அரைத் தாத்தாவத்தான் தேடிட்டு இருக்காங்க."

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து, "அரை எங்கட்டி, முக்கால்" என்றாள். அப்படித்தான் நான் அந்த மேஜைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தமிழ் மேஜையில் மூன்று பேர். மாட்டுங்காக்காரர் ஒருவர், பாலக்காட்டுப் பூர்வீகம், ஆயுசு முழுக்க ஆபீஸில் கடிதம் எழுதியே ரிட்டையர் ஆனவர். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். இன்னொருத்தி சீத்தா கேம்பிலிருந்து வருபவள், அவளைத் தங்கச்சி என்பேன். ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பம். கல்யாணமாகித்தான் பம்பாய் வந்தாள் என்பதால் எங்கள் மூவரில் அவள் தமிழில்தான் இந்தி கலக்கவில்லை. ஒரே வாக்கியத்தை மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்புவார்கள். இரண்டு பேர் சொல்வதை மெஷின் எடுத்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் சிரிப்பாகவே போனது. ராசிபலன் பக்கங்களை வாசித்துவிட்டு மெஷின் ஒருநாள், சனி பகவானின் விலாசம் கும்பம் என்று எழுதியிருந்தது. சனி மகர வீட்டிலிருந்து கும்ப வீட்டுக்கு மாறினார் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்களே, அதுதான்.

"பாருங்கோ," என்றார் மாமா. "நம்மாத்துல ஒரு ரூம் மாத்தறதுக்கு புரோக்கர், டெபாசிட், சொசைட்டி என்ஓசின்னு பிராணன் போறது. இவர் ஜம்முனு மாறிட்டார். விலாசமும் பதிவாயிடுத்து."

"அவரு வந்தா நம்மதான மாமா வீடு மாறணும்," என்றாள் தங்கச்சி.

ஆனால் அவள்தான் எங்களில் முதலில் சிரிப்பை நிறுத்தியவள். அவள் சொந்த ஊரைப் பற்றிய பக்கம் ஒன்று வந்தது. தர்காவுக்கு மேற்கே ஊருணி என்று எழுதியிருந்தது. "நான் தண்ணி தூக்குன ஊருணிண்ணே," என்றாள் என்னிடம். "கெழக்கதான் இருக்கு." அவள் எந்தப் பட்டனை அழுத்தினாள் தெரியுமா? ஆமாம். ஏனென்றால் எங்களைக் கேட்பது, பக்கம் அப்படிச் சொல்கிறதா என்று மட்டும்தான். உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. அதற்குப் பிறகும் அந்த ஊருணி நிறையப் பக்கங்களில் வந்தது. எல்லாவற்றிலும் மேற்கே. எவனோ ஒருவன் திசை தெரியாமல் எழுதியதை மற்றவர்கள் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

திரையில் ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு இருக்கும். ஒரே விஷயத்தை எத்தனை பக்கங்களில் மெஷின் பார்க்கிறதோ அத்தனைக்கு அந்தக் கோடு நீளும். கோடு முழுசாக நிரம்பிவிட்டால், மெஷின் அதை நம்பிவிட்டது என்று அர்த்தம். பிறகு அதை எங்களிடம் கேட்பதை அநேகமாக நிறுத்திவிடும். தங்கச்சியின் ஊருணி அப்படி மேற்கே போய் நின்றுவிட்டது.

எங்கள் சூப்பர்வைசர் சின்னப் பெண், மராத்திக்காரி, தமிழ் தெரியாது. நல்ல குணம். அவளிடம் நான் இந்தியில் கேட்டேன்: "ஒருத்தர் எழுதுனதப் பத்துப் பேரு காப்பி அடிச்சா, அது பத்தா, ஒண்ணா?"

"நல்ல கேள்வி அங்கிள். மேல அனுப்புறேன்," என்றாள். மேலே என்றால் எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. பதில் வந்ததாகவும் தெரியவில்லை.

இனி உங்கள் அக்கா விஷயம்.

அவள் மாட்டுங்காவில் ஒரு மெடிக்கல் கடையில் வேலை பார்த்தாள். தபாலில் பி.காம் எழுதிக்கொண்டிருந்தாள். அது மழைக்காலம். ரோட்டில் தண்ணீர் நின்றால் நம் பக்கத்துப் பஸ் நகராது என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதிரி நாட்களில் அவள் சயானில் ரயில் ஏறுவாள். அடுத்த ஸ்டேஷனே மாட்டுங்கா. காலை நேரத்தில் கல்யாணிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வருகிற பெண்கள் லேடீஸ் டப்பாவை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கவேண்டியவள் உள்ளே போனால் முடிந்தது, மாட்டுங்காவில் இறங்க முடியாது, தாதரில்தான் வெளியே தள்ளுவார்கள். அதனால் வாசலிலேயே நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். உள்ளே இருப்பவர்கள் அதற்கும் திட்டுவார்கள். அவள் வாசலில் நின்றதற்குக் காரணம் அதுதான். இந்த ஊரில் ரயிலில் போகிற எவருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ரயிலில் போகாமல் வீட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு எழுதினாலும் புரியாது.

அவள் போன பிறகு, காரியத்துக்கு முந்தின நாள், மழையில் நனைந்துகொண்டு ஒரு அம்மா நம் வீட்டைத் தேடி வந்தார்கள். மராத்திக்கார அம்மா. அதே டப்பாவில் அக்காவுக்கு அடுத்து நின்றவர்கள். வண்டி வேகம் எடுத்தபோது உள்ளே யாரோ பையை எடுக்கக் குனிந்ததில் ஒரு தள்ளு வந்ததாம். கீழே தரை ஈரம். "தோளைப் பிடித்தேன் அண்ணா, நனைந்திருந்தது, நழுவிவிட்டது" என்று தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னார்கள். அக்காவின் ஒரு கை கம்பியிலும் இன்னொரு கை பையிலும் இருந்ததாம். வேறெதுவும் கையில் இல்லை. அதையும் சொன்னார்கள், நான் கேட்காமலே.

உங்கள் அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர் சொல்லிக்கொண்டு போவதில்லை. போகிறவரை நிறுத்தி, நீங்கள் யார், எந்த ஊர் என்று விசாரிப்பதும் நம்மிடம் இல்லை. நாங்கள் விசாரிக்கவில்லை. அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. போலீஸ்காரர்கள் பையைத் திருப்பிக் கொடுத்தபோது போன் பைக்குள்தான் இருந்தது. சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி. மழை நாளில் அவள் அதை வெளியே எடுக்கவே மாட்டாள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

அதே வாரத்தில் ஒரு தமிழ் நியூஸ் பக்கத்தில் போட்டார்கள். ஓடும் ரயிலில் ரீல்ஸ் எடுத்த மாணவி பலி. அக்காவின் பெயர், அக்காவின் போட்டோ. அவள் எப்போதோ தோழிகளுடன் ரயில் வாசல் பக்கம் சிரித்துக்கொண்டு எடுத்துத் தானே போட்டிருந்த போட்டோ. அதைப் பார்த்துத்தான் எழுதினவன் ஒரு முடிவுக்கு வந்திருக்கவேண்டும். அவள் ரீல் எடுத்ததே இல்லை என்று உங்களிடம் சொல்லமாட்டேன். ஹோலிக்கு எடுத்தாள், ஜூஹுவில் எடுத்தாள், சின்னவளே, உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்தது உனக்கே ஞாபகம் இருக்கும். அந்தக் காலையில் எடுக்கவில்லை. அவ்வளவுதான் நான் சொல்வது. அவன் அவளைக் காலேஜ் மாணவி என்று எழுதினான். செம்பூர் போகும் ரயில் என்று எழுதினான். அவள் போனது மாட்டுங்காவுக்கு. சயானிலிருந்து செம்பூருக்கு நேரே ரயிலே கிடையாது. பிறகு மற்றப் பக்கங்கள் போட்டன. எல்லாவற்றிலும் மாணவி, எல்லாவற்றிலும் செம்பூர்.

நான் அப்போது ஒன்றும் செய்யவில்லை. யார் அதையெல்லாம் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வாசிப்பதற்கென்றே ஒரு மெஷினைச் செய்துவைத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்தேன்.

சில வருஷம் போனது. ஒருநாள் மத்தியானம் மாமா வழக்கமான வம்பு எதுவும் பேசவில்லை. தங்கச்சி முகம் கழுவிவிட்டு வந்து என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். நோன்பு நாள், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் திரையில் அந்த வாக்கியம் வந்தது. செம்பூர் செல்லும் ரயிலில் வாசலில் தொங்கியபடி ரீல்ஸ் எடுத்த மாணவி. முதலில் யாரோ ஒரு பெண் என்றுதான் வாசித்தேன், பாவம் என்றுகூட நினைத்தேன். மறுபடி வாசித்தபோது செம்பூர் என்ற இடத்தில்தான் உறைத்தது. கீழே மெஷின் எழுதியிருந்தது. அக்காவின் பெயர். இறப்புக்குக் காரணம்: ரீல்ஸ் எடுத்தது. பக்கத்தில் பச்சைக் கோடு, முழுசாவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி.

பக்கம் அப்படித்தான் சொல்கிறதா?

நான் இல்லை என்று அழுத்தினேன்.

சாயங்காலம் சூப்பர்வைசர் எங்கள் மேஜைக்கு வந்தாள். பக்கம் தெளிவாகச் சொல்வதை மூன்று பேரும் மறுத்தால் அது மேஜையின் தப்பு என்று கணக்காகித் திரும்பி வரும். மூன்று பேரும்தான் மறுத்திருந்தோம். அவர்கள் இரண்டு பேருக்கும் எனக்கு முன்பே அது வந்திருக்கிறது. என்னிடம் சொல்லாமல் இல்லை என்று போட்டிருக்கிறார்கள், எனக்கு வராமல் போய்விடட்டும் என்று வேண்டிக்கொண்டு.

"அங்கிள், பேஜ் மே லிக்கா ஹை நா?" என்றாள். பக்கத்தில் எழுதியிருக்கிறதுதானே?

"எழுதியிருக்கு," என்றேன்.

"அப்ப ஏன் மூணு பேரும் இல்லைன்னு போட்டீங்க?"

மாமா இந்தியில் சொன்னார், அவருடைய ஆபீஸ் இந்தியில். "ஏன்னா அது பொய்."

"மாமாஜி, பொய்யா நிஜமாங்கறது நம்ம கேள்வியே இல்லையே. உங்களுக்குத் தெரியாததா?"

தங்கச்சி எழுந்து நின்றுவிட்டாள். "மேடம், அது இவரு மக."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்ன எழுதியிருக்கு அங்கிள்?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் அந்த வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக இந்தியில் சொல்லவேண்டியதாயிற்று. வாசலில். தொங்கிக்கொண்டு. சொல்லி முடித்தபோது மராத்தி மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அந்த வாக்கியத்தை எங்கள் வரிசையிலிருந்து எடுத்துவிட்டாள். "என்னால இவ்வளவுதான் முடியும்," என்றாள். "இதே விஷயம் வேற பக்கத்திலிருந்து வேற ஊர் மேஜைக்குப் போகும். இந்திப் பக்கம் இருக்கு. இங்கிலீஷ் இருக்கு. அங்க எல்லாம் இது யார் மகள்னு யாருக்குத் தெரியும்?" அவள் சொன்னது சரி. வாக்கியம்தான் எங்கள் திரையை விட்டுப் போயிற்று. கோடு குறையவில்லை. நீளுவதற்குத்தான் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் மாமா சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு வந்தார்.

"லெட்டர் போடுவோம். முதல்ல எழுதினானே, அவனுக்கு. நான் எத்தனை ஜெனரல் மேனேஜரை ஒரு லெட்டர்ல மடக்கியிருக்கேன் தெரியுமோ? இவன் எம்மாத்திரம்?"

"திட்டி எழுதிராதீங்க மாமா," என்றாள் தங்கச்சி. "கோவத்துல ஏதாச்சும் செஞ்சுருவான்."

"திட்டறதாவது! மரியாதையாலயே கொல்லுவேன்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து எழுதினோம். அவள் வேலைக்குப் போனவள், போனது மாட்டுங்கா, போன் பைக்குள் இருந்தது, வாசலில் நின்றது ஏன், பார்த்த அம்மா சொன்னது என்ன. எல்லாவற்றையும் மாமா வரிசையாக வைத்தார். நியாயமான கடிதம். அதை அனுப்பியதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அன்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம், "இனி சரியாயிரும்" என்று சொன்னேன். அவள் தட்டை எடுத்து வைத்தாள். "சாப்பிட வாங்க" என்றாள்.

அவர்கள் பதிலும் போட்டார்கள். பழையதை எடுக்கவில்லை. புதிதாக ஒரு பக்கம் போட்டார்கள். ரீல்ஸ் எடுத்தபோது ரயிலிலிருந்து விழுந்து பலியான மாணவி விவகாரம்: தந்தை கண்ணீர் மறுப்பு. அதே போட்டோ. முதலில் பழைய கதையை மறுபடி முழுசாகச் சொல்லியிருந்தார்கள், தொங்கியபடி என்பது உட்பட. கடைசியில் ஒரே ஒரு வரி, தன் மகள் அப்படிச் செய்யவில்லை என்று தந்தை கூறுகிறார். மற்றப் பக்கங்கள் அதையும் எடுத்துப் போட்டன. சிலவற்றில் இடம் போதவில்லை போலிருக்கிறது, கடைசி வரி இல்லை.

அந்தப் புதுப் பக்கமும் ஒருநாள் எங்கள் மேஜைக்கு வந்தது. மாமா திரைக்குத்தான் முதலில் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். மெஷின் அதிலிருந்தும் அதையேதான் உருவியிருந்தது. அக்காவின் பெயர், காரணம், ரீல்ஸ். பச்சைக் கோடு நிரம்பியிருந்தது.

"நமக்குத் தெரியாதா?" என்றார் மாமா. "இது எப்படி எண்ணும்னு நாள் பூரா பாத்துண்டுதானே இருக்கோம்? மூணு பேரும் உக்காந்து நாமளே தீனி போட்டிருக்கோமே."

தங்கச்சி என் தோளுக்குப் பின்னால் நின்றாள். "இனி இங்க வராதுண்ணே," என்றாள். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள். கோடு நிரம்பிய விஷயத்தைப் பற்றி மெஷின் மனுஷர்களிடம் கேட்பதில்லை.

அதற்குப் பிறகும் நான் அந்த வேலைக்குத்தான் போகிறேன். விட்டுவிட்டு எங்கே போவது? ஆமாம், இல்லை, ஆமாம், ஆமாம்.

இந்த விஷயத்தை ஆபீஸோடு விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். சின்னவளே, அக்கா போனபோது நீ இரண்டாம் வகுப்பு. அக்கா ரயிலில் விழுந்துவிட்டாள் என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தோம். இப்போது ஆறாவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாய். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தி ஏதோ சொல்லியிருக்கிறாள். நீ அக்காவின் பெயரைச் சொல்லிப் போனிடம் இந்தியில் கேட்டிருக்கிறாய். அது இனிமையான குரலில் வருத்தம் தெரிவித்துவிட்டு, ரீல் எடுக்கும்போது ரயிலிலிருந்து விழுந்ததாகச் சொல்லி, நீங்களும் ரயில் வாசலில் கவனமாக இருங்கள் என்று உனக்குப் புத்தியும் சொல்லியிருக்கிறது.

உன் அண்ணன் பாய்ந்தான். "பாகல் ஹை க்யா, பைத்தியமா? போன்ட்ட எதுக்குக் கேட்ட? அம்மாட்ட கேக்க வேண்டியதுதான?"

"அம்மா அழுவாங்க," என்றாய் நீ. "போன் அழாதுல்ல."

 நான் உன்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மழை, அடுத்த ஸ்டேஷன், தள்ளு, அந்த மராத்திக்கார அம்மா, பைக்குள் இருந்த போன்.  பிறகு நீ கேள்வி கேட்டாய்.

"நீங்க அந்த ட்ரெயின்ல இருந்தீங்களாப்பா?"

"இல்லம்மா."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த அம்மா சொன்னாங்கல்லா."

"அவங்க பேரு என்ன? எங்க இருக்காங்க?"

"தெரியல."

"அவங்க ஒருத்தங்கதான் சொன்னாங்க." நீ விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனாய். ஒரு பக்கம், அடுத்த பக்கம், எல்லாவற்றிலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "இதுல பாருங்க எவ்வளவு பேரு. இவ்வளவு பேருமா பொய் சொல்லுவாங்க?"

ஒருவன் எழுதியதைத்தான் மற்றவர்கள் எடுத்துப் போட்டார்கள் என்று சொன்னேன். செம்பூர் என்று எல்லாவற்றிலும் இருப்பதைக் காட்டினேன். நீ தலையாட்டினாய். "சரிப்பா," என்றாய். காய்ச்சல்காரனிடம் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு சரிப்பா. மெஷினுக்குக் கோடு இருக்கும், பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உன் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

தெரிந்தது போன வாரம். சந்தில் புதிதாகக் குடிவந்திருக்கிற வீட்டுப் பெண்ணோடு நீ படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாய். நான் குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். உனக்கு அக்கா இருக்கிறாளா என்று அவள் கேட்டிருக்கவேண்டும். நீ இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாய், இருந்தாள், ரீல் எடுக்கும்போது ட்ரெயினிலிருந்து விழுந்துவிட்டாள், நெட்டில் எல்லாம் இருக்கிறது, பார் என்று. போனை அவளிடம் நீட்டினாய். உன் குரலில் அழுகை இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது, ஒரு அக்கா நெட்டில் இருக்கிறாள் என்று. அந்தப் பெண், "உன் அக்கா அழகா இருக்கா" என்றாள். நான் திருத்துவதற்கு ஒரு எட்டு வைத்தேன். வாளித் தண்ணீர் காலில் சிந்தியது. நீங்கள் இருவரும் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். நான் வாளியோடு உள்ளே போய்விட்டேன்.

அதனால்தான் எழுதுகிறேன். இதில் அவள் பெயரை எங்கேயும் போடவில்லை. அவள் பெயரும் ரீல்ஸ் என்ற அந்தச் சொல்லும் ஒரே பக்கத்தில் இருந்தால், நான் மறுத்து எழுதினாலும் அது அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். உங்கள் இருவருக்கும் பெயர் தெரியும், அது போதும். இதை நெட்டில் போடவேண்டாம். பெரியவனே, உன் தங்கைக்குத் தமிழ் வாசிக்க வராது, நீதான் வாசித்துக் காட்டவேண்டும். நீயும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், தெரியும். எல்லாம் முடியாவிட்டால் அவள் ஏன் வாசலில் நின்றாள் என்று எழுதியிருக்கும் இடத்தை மட்டும் வாசி. தங்கை கேட்டுவிட்டு, அப்படியா என்று சொல்லிவிட்டு, மறுபடி போனை எடுத்தால் பிடுங்காதே, திட்டாதே. என்னிடம் இருந்தது இவ்வளவுதான்.